1996 போர்தோ சிவப்பு ஒயின், ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில்: ராயபுரத்தில் எப்படித் திறப்பது, எப்படிச் சுவைப்பது?

ராயபுரம் ரயிலடி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒயினின் இரண்டு பாட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிரான்சில் போர்தோ பக்கம், மேடாக் பகுதியில் சான் ஜூலியன் என்ற ஊர், 1996 அறுவடை. பெரும்பங்கு காபர்னே சொவிஞோன், மீதியில் மெர்லோ. இரண்டும் ஒரே மரப்பெட்டியில் வாங்கியவை. வளர்ந்த இடம்தான் வேறு.

அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாமா, பிரான்சின் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார். பெட்டி வாங்கியவர் அவர்தான். 2008-இல் ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டிலை அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அப்பா அதை நல்ல நாளுக்கு என்று இரும்பு பீரோவின் மேலே நிற்க வைத்தார். கல்மண்டபம் பக்கம் மேல்மாடி வீடு, மேலே மொட்டைமாடி. மே மாதம் அந்த அறை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. இன்னொரு பாட்டில் மாமாவின் வீட்டு நிலவறையில் இத்தனை வருடமும் படுத்தே கிடந்தது. இந்த முறை வந்தபோது அதையும் கொண்டு வந்தார். இப்போது ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் இருக்கிறது.

இரண்டையும் ஒரே மாலையில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கலாம் என்று நினைக்கிறோம். எது முதலில்? டிகாண்டரில், அதாவது அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றலாமா? என்ன சாப்பாடு? பழகியவர்கள் சொல்லுங்கள்.

வண்ணை வேதியியல்:

நல்ல யோசனை தம்பி. இப்படி ஒரே பெட்டியிலிருந்து பிரிந்த இரண்டு பாட்டில் எல்லோருக்கும் கிடைக்காது. அவசரப்பட வேண்டாம்.

திறப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஒயினின் மட்டம் கழுத்துக்குள் இருக்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா. இரண்டு, கார்க்கை மூடியிருக்கும் உறைக்குக் கீழே ஒட்டும் கறை இருக்கிறதா. மூன்று, கார்க் பாட்டில் வாயின் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு உறையைத் தள்ளுகிறதா. இந்த மூன்றும் வெயில் பட்டதா இல்லையா என்று திறக்காமலே சொல்லிவிடும்.

அப்புறம், ஃபிரிட்ஜில் இருப்பதைக் காய்கறிப் பெட்டியிலிருந்து எடுத்து உள்தட்டில் நேராக நிறுத்துங்கள். கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் ஆடும். 30 வருடத்தை நெருங்கிய ஒயினில் அடியில் மண்டி நிச்சயம் இருக்கும். அது பக்கவாட்டிலிருந்து அடிக்கு இறங்க இரண்டு நாளாவது வேண்டும்.

ராயபுரம் ரயிலடி:

பார்த்துவிட்டேன் ஐயா. துலூஸ் பாட்டிலின் மட்டம் கழுத்தின் அடிப்பகுதியில் நிற்கிறது. உறை சுத்தம். பீரோ பாட்டிலின் மட்டம் தோளின் நடுப்பகுதி வரை இறங்கியிருக்கிறது. உறைக்குக் கீழே காய்ந்த பழுப்புக் கோடு ஒன்று வழிந்திருக்கிறது. விரலால் தடவினால் உறையின் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறது.

நம் ஊர் ஈரக் காற்றுக்குக் கார்க் காயாது என்று மாமா சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் ஏன் கசிந்தது?

வண்ணை வேதியியல்:

ஈரப்பதத்தைப் பற்றி மாமா சொன்னது சரி. கார்க் வெளிப்பக்கம் காயாமல் இருக்க 70 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்பார்கள். நம் கடற்கரையில் அதற்குக் குறைவில்லை. ஆனாலும் நிற்க வைத்த பாட்டிலில் கார்க்கின் உள்பக்கம் ஒயினைத் தொடுவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். பகலில் சூடு ஏறும்போது திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். இரவில் குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு கோடையிலும் இதே கதை என்றால் கார்க்கின் பிடி தளர்ந்துவிடும்.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயினைச் சுவைக்க இது தெரிந்திருந்தால் வாயில் என்ன தேட வேண்டும் என்பது புரியும்.

இளம் சிவப்பு ஒயினின் ஊதா நிறம் திராட்சைத் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. வாயைத் துவர்க்கச் செய்வது டானின். அது தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, புது ஓக் பீப்பாயும் கொஞ்சம் கொடுக்கும். நம் எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால்தான் நாக்கு வறண்டதுபோல் ஆகிறது. பாட்டிலுக்குள் வருடங்கள் போகப்போக டானினும் நிறமியும் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய மூலக்கூறுகள் ஆகின்றன. நிறம் ஊதாவிலிருந்து மாதுளைச் சிவப்புக்கும், பிறகு செங்கல் நிறத்துக்கும் மாறும். ரொம்பப் பெரிதானவை கரைசலில் நிற்க முடியாமல் கீழே படியும். அதுதான் மண்டி. டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களும் அதில் கலந்திருக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாயில்தான் மணல்போல் கசக்கும்.

வாசனையும் மாறும். பழ வாசனை மெல்லப் பின்வாங்கும். புகையிலை, தோல், உலர்ந்த பழம், ஈர மண், காளான் போன்றவை முன்னே வரும். இந்த மாற்றம் நடக்கக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். நல்ல கார்க் அதை மிக மெதுவாகத்தான் விடும். அளவு தாண்டினால் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடு என்ற சேர்மமாகும், பழ வாசனை செத்துவிடும்.

இதெல்லாம் 12, 13 டிகிரி குளிரில் நடக்க வேண்டிய வேலை. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அதை வைத்து, சென்னையில் சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தப்பு. எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகம் எடுப்பதில்லை. குளிரில் நடக்கவே நடக்காத சில வினைகள் சூட்டில் தொடங்கிவிடும். அதனால் பீரோ மேலே இருந்தது வேகமாக வயதானது அல்ல, வேறு வழியில் போனது. நீங்கள் இரண்டையும் சேர்த்துச் சுவைக்கப் போவதால் இது உங்கள் நாக்குக்கே தெரியும்.

காசிமேடு கரை:

ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று எனக்குத் தோன்றுகிறது, தவறாக நினைக்க வேண்டாம். உண்மையாகவே கேட்கிறேன். புது ஒயினில் இல்லாத எது இதில் கிடைக்கிறது? பழையது என்பதால் மரியாதையா, இல்லை வாயில் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா?

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் பக்கம் வாருங்கள், விடியற்காலையில் நல்ல வஞ்சிரம் கிடைக்கும். வறுத்து வைத்துக்கொண்டு குடிக்கலாம்.

தங்கசாலை அக்கா:

காசிமேடு தம்பிக்கு முதலில் சாப்பாட்டுப் பதில், அதுதான் என் வேலை. ஓட்டல் சமையலறையிலும் பாரிலும் இருந்தவள் நான்.

சிவப்பு ஒயினோடு வஞ்சிரம் வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து வாயில் கெட்ட மீன் நாற்றத்தை எழுப்பும். மீன் எவ்வளவு புதிதோ அவ்வளவு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நல்ல மீனும் கெடும், நல்ல ஒயினும் கெடும். மிளகாய்த் தூள் போட்ட எதுவும் வேண்டாம். ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிடும், அந்த எரிச்சலில் 30 வருட வாசனை எதுவும் நிற்காது. பிரியாணியும் அன்றைக்கு வேண்டாம். ஆட்டுக்கறியை உப்பு, முழு மிளகு, கொஞ்சம் வெங்காயம் மட்டும் போட்டுச் சன்னமான தீயில் வேக வைத்தால் போதும். கூடவே வெண்ணெயில் வதக்கிய காளான். எலுமிச்சை, புளி, வினிகர் மூன்றும் மேசைக்கே வரக்கூடாது.

உங்கள் இன்னொரு கேள்வி நியாயமானது. எல்லா ஒயினும் வயதானால் நன்றாவதில்லை. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிக்கத்தான். டானின், புளிப்பு, பழம் மூன்றும் கனமாக இருக்கும் சில ஒயின்கள்தான் பத்திருபது வருடம் தாங்கும். மேடாக்கின் காபர்னே அந்த வகை, 1996 அதற்கு நல்ல வருடம். போர்தோவிலேயே மெர்லோ கூடுதலாக உள்ள ஆற்றின் வலது கரைப் பகுதிக்கு அந்த வருடம் அவ்வளவு வாய்க்கவில்லை. ஆக, இந்த பாட்டிலுக்குக் கொடுக்கும் கவனம் பழசு என்பதற்காக இல்லை தம்பி. அதில் இருக்கும் வாசனைகள் புது பாட்டிலில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதற்காகத்தான்.

பெரம்பூர் லோகோ:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ரயில்வே. கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது பாட்டி காலத்துப் பழக்கம். கறுப்பு திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, கிராம்பு. ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி மூன்று வாரம். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். பிறகு வடிகட்டிப் பாட்டிலில் அடைப்போம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேக்கோடு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் கொடுப்போம். அதன் இனிப்பு எனக்கு உயிர்.

என் கேள்வி இதுதான். எங்கள் ஒயினில் ஒரு பாட்டிலை இப்படிப் பத்து வருடம் எடுத்து வைத்தால் என்ன ஆகும்? தம்பி முயன்று பார்த்து ஒரு வருடத்திலேயே பழுப்பாகிவிட்டது.

அப்புறம் தங்கசாலை அக்கா சொன்ன ஆட்டுக்கறி எங்கள் வீட்டு மட்டன் ஸ்டூதான். உருளைக்கிழங்கு, கேரட் சேர்ப்போம், மிளகாய் இருக்காது. ராயபுரம் தம்பி சொன்னால் நானே செய்து கொண்டு வருகிறேன்.

வண்ணை வேதியியல்:

பெரம்பூர் சகோதரருக்கு: சாப்பிடும் திராட்சையில் சதை அதிகம், தோல் பங்கு குறைவு, அதனால் டானின் குறைவு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வாசனைக்குப் பெயர் போனது, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் அந்த வாசனை இளமையில்தான். காபர்னே திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதை பெரியது. வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேலும் வடிகட்டும்போது உங்கள் ஒயின் நிறையக் காற்றை வாங்கிவிடும்; அந்தக் காற்று கெடுப்பதைத் தடுக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடும் அதில் இல்லை. அதை அந்த டிசம்பரிலேயே குடிப்பதுதான் அதற்குச் செய்யும் நியாயம்.

கடலோடி திருவொற்றியூர்:

கப்பலில் ஸ்டூவர்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பாட்டில்கள் பல திறந்திருக்கிறேன். கார்க்கை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லையே.

30 வருடக் கார்க் மேலே உறுதியாக இருக்கும், கீழே ஒயினில் ஊறி மாவாக இருக்கும். சாதாரணத் திருகியைக் குத்தி இழுத்தால் பாதியில் முறியும். இரண்டு தட்டையான கால் உள்ள கார்க் இழுப்பான் ஒன்று இருக்கிறது. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு காலையும் மாறி மாறி ஆட்டி இறக்கி, பிறகு சுற்றிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். பீரோ பாட்டிலில் கார்க் தளர்ந்திருந்தால் அந்தக் கால் கார்க்கை உள்ளே தள்ளிவிடும். அங்கே திருகியையே நீளமாக இறக்கி மெதுவாக எடுங்கள். முறிந்தால் பதற வேண்டாம், எவர்சில்வர் டீ வடிகட்டி போதும். வேட்டித் துணி வேண்டாம், சோப்பு வாசனை ஒயினுக்கு ஏறிவிடும்.

டிகாண்டரில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். அப்போதுதான் விரியும்.

தங்கசாலை அக்கா:

கடலோடி அண்ணே, கார்க் விஷயத்தில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. டிகாண்டரில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். இளம் காபர்னேவுக்கு ஒரு மணி நேரம் என்ன, மூன்று மணி நேரம்கூட விடலாம். இந்த வயதில் வாசனை மெல்லிசாக இருக்கும். கோப்பைக்கு வருவதற்குள் பாதி டிகாண்டரிலேயே போய்விடும். மண்டியைப் பிரிக்க மட்டும் ஊற்ற வேண்டும், ஊற்றியதும் பரிமாற வேண்டும்.

கடலோடி திருவொற்றியூர்:

நான் பார்த்த 20 வருட போர்தோக்கள் சில முதல் கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை அம்மா. மூடிய அறை வாசனைதான் வந்தது. பொறுத்திருந்ததால்தான் கிடைத்தது.

தங்கசாலை அக்கா:

பொறுத்திருக்கலாம் அண்ணே, கோப்பையில் வைத்துப் பொறுத்திருக்கலாம். கோப்பையிலேயே காற்று படும், மாறுவதை ஒவ்வொரு கட்டமாகவும் மோந்து பார்க்கலாம். டிகாண்டரில் விட்டால் முதல் கட்டத்தை இழந்துவிடுவோம். திருப்பிக் கொண்டுவர முடியாதே.

கடலோடி திருவொற்றியூர்:

இது நியாயம். ஏற்றுக்கொள்கிறேன்.

ஊற்றும் முறை மட்டும் சொல்லிவிடுகிறேன். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி வைப்பார்கள், கைப்பேசி விளக்கும் போதும். ஒரே ஓட்டமாக, நடுவில் நிமிர்த்தாமல் ஊற்றுங்கள். கறுப்பு இழை தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வரும் நொடியில் நிறுத்திவிடுங்கள். அடியில் ஒரு கோப்பை அளவு போகும், போகட்டும்.

வண்ணை வேதியியல்:

வெப்பநிலை: 16 முதல் 18 டிகிரி. அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது பழைய ஐரோப்பியக் கல்வீட்டு அறை. நம் அறை 31 டிகிரி, அதில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். ஏசி அறையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் சரியாக இருக்கும். பீரோ பாட்டிலையும் அன்று காலையில் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடு செல்லாது.

ராயபுரம் ரயிலடி:

ஞாயிறு மாலை நடந்தது. முழுவதும் எழுதுகிறேன்.

இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், மனைவி, மாமா, ஸ்டூவோடு வந்த பெரம்பூர் அண்ணன். அம்மா குடிப்பதில்லை, மோந்து பார்க்க மட்டும் சம்மதித்தார். எல்லோருக்கும் அடி அகன்று வாய் குறுகிய கோப்பை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவில்லை.

பீரோ பாட்டிலை முதலில் திறந்தோம். கார்க் ஒரு சுற்றிலேயே வந்துவிட்டது, பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒயின் ஏறிய கறை. நிறம் முழுப் பழுப்பு, சிவப்பு நடுவில்கூட இல்லை. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பு மஞ்சளாக இருந்தது. வாசனையில் வேகவைத்த உலர்திராட்சை, கருகிய சர்க்கரை, பின்னால் வினிகரின் கூர்மை. வாயில் முதலில் கொஞ்சம் இனிப்புபோல் தோன்றி உடனே காலியானது. விழுங்கிய பிறகு புளிப்பு மட்டும் தொண்டையில் நின்றது.

துலூஸ் பாட்டிலுக்கு அந்த இரண்டு கால் இழுப்பான். கடலோடி அண்ணன் சொன்னபடி ஆட்டி இறக்கினேன், முறியாமல் வந்தது. கார்க்கின் அடியில் மூன்றில் ஒரு பங்குதான் கறுத்திருந்தது. ஊற்றும்போது மாமா விளக்குப் பிடித்தார். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல். ஒளி ஊடுருவியது.

முதலில் எதுவும் வரவில்லை. தூசு, மூடிய அலமாரி, அவ்வளவுதான். எனக்குக் கவலையாகிவிட்டது, கார்க் கெட்டுவிட்டதோ என்று. மாமா காத்திருக்கச் சொன்னார். பத்து நிமிடம் போனதும் அந்தத் தூசு வாசனை விலகிப் பென்சில் சீவிய மர வாசனை வந்தது. பிறகு உலர்ந்த பிளம், அதற்கும் பின்னால் மழை நின்ற பிறகு வரும் மண் வாசனை. அம்மா கோப்பையை வாங்கி மோந்துவிட்டு, ஆயாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தமாதிரி இருக்கிறது என்றார். மாமா அசந்துவிட்டார். புகையிலையும் பழைய மரமும் சேர்ந்த அந்த வாசனையைத்தான் மேடாக்கின் அடையாளமாகச் சொல்வார்களாம். ஒயின் பற்றி ஒரு வரிகூடப் படிக்காத அம்மாவுக்கு ஒரே மூச்சில் அது பிடிபட்டது.

வாயில் வைத்தபோது நான் எதிர்பார்த்தது கனம். வந்தது அதுவல்ல. துவர்ப்பு இருந்தது, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை, ஓரத்தில் மெல்லியதாக நின்றது. புளிப்பு உயிரோடு இருந்தது. 30 வருடத்துக்குப் பிறகும் வாயில் நீர் ஊற வைத்தது அந்தப் புளிப்புதான். விழுங்கிய பிறகு நான் ஒரு துண்டு ரொட்டி எடுக்கும் வரை வாசனை மூக்கின் பின்பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்தது. இரண்டு மணி நேரம் தாண்டியதும் பழம் விலகி ஈர இலை வாசனை மட்டும் மிச்சம். அக்கா சொன்னபடி கோப்பையில் காத்திருந்ததால் இந்த எல்லாக் கட்டங்களையும் பார்க்க முடிந்தது. டிகாண்டரில் ஊற்றி வைத்திருந்தால் அம்மா சொன்ன வெற்றிலைப் பெட்டி எங்களுக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஸ்டூவில் இருந்த மிளகு மட்டும் ஒரு முறை குறுக்கே வந்தது. கறியும் உருளைக்கிழங்கும் ஒயினோடு அழகாகப் போயின.

அப்பாவுக்குப் பீரோ பாட்டில்தான் பிடித்தது. அதையும் எழுதிவிடுகிறேன். துலூஸ் பாட்டில் அவருக்குத் தண்ணியாகத் தெரிந்திருக்கிறது.

காசிமேடு கரை:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். படித்த பிறகு என் சந்தேகம் பாதி தீர்ந்தது. ஆனால் அப்பா விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. அவருக்குக் கெட்டதுதான் பிடித்தது என்றால், நல்லது கெட்டது என்று நாம் சொல்வது பயிற்சி கொடுத்த பழக்கம்தானே? அவர் நாக்கு பொய் சொல்கிறதா?

தங்கசாலை அக்கா:

பொய் இல்லை தம்பி. அப்பாவுக்கு இனிப்பும் கருகிய சர்க்கரை மணமும் பிடிக்கிறது. அந்த பாட்டிலில் அது இருந்தது. அவர் ரசித்தது உண்மை. ஆனால் அந்த மணத்துக்கு 1996-உம் தேவையில்லை, சான் ஜூலியனும் தேவையில்லை. எந்தச் சிவப்பு ஒயினையும் பத்து கோடை பீரோ மேலே வைத்தால் அதே மணம்தான் வரும். ஊர், வருடம், திராட்சை மூன்றும் அழிந்து எல்லாம் ஒரே சுவைக்கு வந்துவிடும். இழப்பு என்று நான் சொல்வது அதைத்தான். துலூஸ் பாட்டிலில் அந்த மூன்றும் இன்னும் பேசிக்கொண்டிருந்தன.

பழக்கம் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

காசிமேடு கரை:

சரி அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை எனக்கும் ஒரு கோப்பை வையுங்கள்.

வண்ணை வேதியியல்:

முதலில் வந்த தூசு வாசனை கார்க் கெட்டதால் அல்ல என்பதையும் பதிந்துவிடுகிறேன், பலரும் இங்கேதான் பயந்து கீழே கொட்டிவிடுகிறார்கள். கார்க் கெடுவதற்குக் காரணம் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், ஈர அட்டைப்பெட்டி நாற்றம். அது காற்றுப் பட்டால் போகாது, நேரம் ஆக ஆக இன்னும் தெளிவாகும். உங்களுக்குப் பத்து நிமிடத்தில் விலகியது பாட்டில் வாசனை. வருடக்கணக்கில் அடைபட்ட எந்த ஒயினிலும் வரலாம்.

எண்ணூர் நெடுஞ்சாலை:

இந்த உரையாடலை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். நாசிக் ஒயின் நான்கைந்து சிவப்பு பாட்டில் என்னிடம் இருக்கிறது. சின்ன ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கிப் பத்து வருடம் வைக்கலாமா? வீட்டுக்கு எதிரே நாள் முழுக்கக் கண்டெய்னர் லாரி போகிறது, ஜன்னல் அதிரும். அது கெடுக்குமா?

வண்ணை வேதியியல்:

லாரி அதிர்வு மண்டியைக் கலக்கும். வெப்பத்தோடு ஒப்பிட்டால் அது சின்னக் கவலை.

ஃபிரிட்ஜ் வாங்கினால் கம்ப்ரசர் உள்ளதாக வாங்குங்கள். விலை குறைந்த சிலவற்றில் கம்ப்ரசர் இருக்காது, மின்சாரத்தால் நேரடியாகக் குளிரூட்டும் தகடுதான் இருக்கும். அது வெளிவெப்பத்தைவிட ஓர் அளவுக்குத்தான் கீழே கொண்டுவர முடியும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 13 வராது. அடுத்து மின்வெட்டு. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டிலும் நம் பக்கத்தில் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் டிசம்பரில் வந்ததால் ஒயினுக்கு ஆபத்து குறைவு. மே மாதம் அப்படி நடந்தால் ஒரே வாரத்தில் பத்து வருட உழைப்பு போய்விடும்.

உங்கள் பாட்டில்களைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை இளமையில் குடிப்பதற்காகவே செய்தவை. சாதாரண ஃபிரிட்ஜிலேயே வைத்து இந்த வருடம் குடியுங்கள். 4 டிகிரி கொஞ்சம் அதிகக் குளிர்தான், ஆனாலும் சில மாதத்துக்கு அறை வெப்பத்தைவிட எவ்வளவோ மேல்.

கடலோடி திருவொற்றியூர்:

வயதான ஒயினை இந்த ஊரிலேயே வைத்துக் குடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மதீரா.

போர்த்துகீசியத் தீவு அது. ஒயினில் திராட்சைச் சாராயம் சேர்த்து, பிறகு வேண்டுமென்றே சூடாக்குவார்கள். ஒரு முறையில் 45 டிகிரிக்கு மேல் மூன்று மாதமாவது தொட்டியில் வைப்பார்கள், உயர்ந்த வகையைப் பீப்பாயில் வெயில் ஏறும் மாடி அறைகளில் வருடக்கணக்கில் விடுவார்கள். இந்த வழக்கம் கப்பலிலிருந்து வந்தது. பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய்த் திரும்பிய பீப்பாய்கள் சூட்டில் சுவை கூடியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் நம் ஜார்ஜ் கோட்டைக்காரர்கள் விரும்பிக் குடித்ததும் இதுதான். சென்னை வெயிலுக்கு வந்து சேரும் வழியிலேயே அது பழகிவிடும்.

ஏற்கெனவே சூடும் காற்றும் பட்டுவிட்டதால் மதீராவுக்கு இனிக் கெட ஒன்றும் மிச்சமில்லை. திறந்த பாட்டில்கூட மாதக்கணக்கில் நிற்கும். ராயபுரம் தம்பியின் அப்பாவுக்கு அந்த வேகவைத்த திராட்சை மணம் பிடித்தது என்று படித்ததுமே எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அதே மணம், ஆனால் அதற்காகவே செய்தது. புளிப்பு கூர்மையாக இருக்கும், வினிகர் இருக்காது.

பெரம்பூர் லோகோ:

கிறிஸ்துமஸ் கேக்கோடு அது போகுமா அண்ணே?

கடலோடி திருவொற்றியூர்:

அதற்கென்றே பிறந்ததுபோல் போகும். இனிப்பு வகையில் புவல் அல்லது மால்ம்சி என்று போட்டிருப்பதை எடுங்கள். செர்சியல் உலர்ந்தது, அது சாப்பாட்டுக்கு முன்.

இங்கே கடையில் தேடி அலைய வேண்டாம். சில்லறை விற்பனை 2003-இலிருந்து டாஸ்மாக் கையில், உயர்வகைக் கடைகளிலும் நான் மதீரா பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம்.

ராயபுரம் ரயிலடி:

மாமாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த முறை வரும்போது ஒரு புவல் பாட்டில், அப்பாவுக்கு. பெட்டியில் மீதமிருக்கும் 1996 பாட்டில்களை இங்கே கொண்டு வர வேண்டாம் என்றும் சொன்னேன். துலூஸ் நிலவறையிலேயே இருக்கட்டும், நாங்கள் போகும்போது அங்கே திறக்கிறோம். இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று வண்ணை ஐயா சொன்னால் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுவேன்.

வண்ணை வேதியியல்:

இரண்டு மணி நேரத்தில் பழம் விலகியது என்று எழுதினீர்கள். புளிப்பு நன்றாக இருப்பதால் உடனே சாகாது, ஆனால் ஏறும் பக்கத்தைத் தாண்டிவிட்டது. மூன்று நான்கு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள் தம்பி. மட்டம் குறைந்த பாட்டிலை முதலில் திறக்கச் சொல்லுங்கள்.